கணினி அக்கா பதில்கள்: பல்லாங்குழிக்குள் ஒரு நிலா

கேள்வி: அக்கா, நானும் என் நண்பனும் சி++-இல் சொங்காக் (பல்லாங்குழி போன்ற மலாய்க் குழி விளையாட்டு) ஒன்று எழுதியிருக்கிறோம். பலகை, சோழி, சத்தம் எல்லாம் தயார். ஆனால் யாரிடம் காட்டினாலும் "எங்க வீட்டுல இப்படி ஆட மாட்டோமே" என்கிறார்கள். ஒவ்வொரு வீட்டு விதிக்கும் 'இப்படி இருந்தால்' என்று ஒரு இஃப் போட்டுப் போட்டு, ஒரே ஃபங்ஷன் 600 வரி ஆகிவிட்டது. ஆடுபவர்களே தங்கள் விதியைச் சேர்த்துக்கொள்ளும்படி செய்ய முடியுமா? அதற்கு நாமே சின்னதாக ஒரு மொழி உருவாக்கலாம் என்கிறான் நண்பன்.
(கல்லூரி மாணவர், நிபோங் தெபால்)

பதில்: தம்பி, உன் நண்பனை மாமாக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடு. மொழி உருவாக்கும் ஆசை அதிலும் ஆறவில்லை என்றால் இந்தக் கதையைச் சொல்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை. சில்லுகளைச் சோதிக்கும் மெஷினுக்கு நான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த காலம். இந்த அளவுக்குக் கீழே போனால் தள்ளு, அந்த அளவுக்கு மேலே போனால் தள்ளு என்ற எல்லைகள் எல்லாம் சி நிரலுக்குள்ளேயே இருந்தன. வாடிக்கையாளர் ஒரே ஓர் எண்ணை மாற்றினாலும் கம்பைல் செய்து, கையெழுத்து வாங்கி, மெஷினில் ஏற்ற வேண்டும். ராத்திரி ஷிஃப்டிலிருந்து போன் வரும். அலுத்துப்போய், எண்களை ஒரு தனிக் கோப்பில் போட்டு, மெஷின் அதைப் படிக்கும்படி செய்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். கொஞ்ச நாளில் "இந்த வகைச் சில்லுக்கு மட்டும் வேறு எல்லை" என்றார்கள். கோப்பில் 'இப்படி இருந்தால்' என்பதற்கு ஒரு சொல் சேர்த்தேன். அப்புறம் 'திரும்பச் செய்'. அப்புறம் அடைப்புக்குறி. எனக்கே தெரியாமல் ஒரு மொழி எழுதியிருக்கிறேன். அதுவும் மட்டமான மொழி.

ஒரு நாள் டெக்னிஷியன் ஒருவர் கழித்தல் குறிக்கும் எண்ணுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டுவிட்டார். அது மேல் எல்லை. என் மொழி அதைச் சுழியம் என்று படித்துக்கொண்டது. "இது எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல அதற்கு நான் கற்றுத்தரவில்லை. அந்த ஷிஃப்ட் முழுக்க, தள்ள வேண்டிய சில்லுகளும் பாஸ். காலையில் பெட்டி பெட்டியாகத் திரும்பப் பிரித்தோம். யார் எழுதியது என்று கேட்டபோது கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

அதனால் சொல்கிறேன், புது மொழி வேண்டாம். ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை எடுத்து உன் விளையாட்டுக்குள் வைத்துக்கொள். நான் லுவாவைச் சொல்வேன். 1993-இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் சேர்ந்து உருவாக்கியது: ரொபெர்த்தோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ். அவர்களும் உன் நண்பன் மாதிரிதான் தொடங்கினார்கள். எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸின் பொறியாளர்களுக்காக டெல் என்று ஒரு குட்டி மொழி, சோல் என்று இன்னொரு குட்டி மொழி. பொறியாளர்கள் புரோகிராமர்கள் அல்ல. ஆனாலும் கொஞ்ச நாளில் இஃப் வேண்டும், லூப் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். என் மெஷின் கதையேதான். வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் ஒட்டுப் போடாமல் இரண்டையும் தூக்கி வைத்துவிட்டு ஒழுங்கான ஒரு மொழியை எழுதினார்கள். போர்த்துகீசியத்தில் சோல் என்றால் சூரியன், லுவா என்றால் நிலா. (சோல் என்றதும் எனக்கு 'சொல்' என்றுதான் காதில் விழுகிறது. ஒரு மொழிக்கு அதைவிட நல்ல பெயர் கிடைக்குமா?)

லுவா முழுக்க ஏறத்தாழ 30,000 வரி சி நிரல், அவ்வளவுதான். எம்ஐடி உரிமம் என்பதால் விளையாட்டை விற்றாலும் காசு கேட்க மாட்டார்கள். உன் சி++ ப்ராஜெக்ட்டோடு சேர்த்துக் கம்பைல் செய்துகொள்ளலாம்.

சேர்ப்பது ஒரு மாலை வேலை. எங்கே சறுக்குவாய் என்பதை மட்டும் சொல்கிறேன். உன் நிரலும் லுவாவும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஓர் அடுக்கு இருக்கிறது, தட்டு மேல் தட்டு வைத்த மாதிரி. லுவா ஃபங்ஷனை அழைக்க, முதலில் அந்த ஃபங்ஷனை அடுக்கில் வைக்க வேண்டும். அதன் மேல் அதற்குத் தர வேண்டிய மதிப்புகள். பிறகு 'பிகால்' (pcall) என்ற கட்டளையைக் கூப்பிட்டால், வைத்ததெல்லாம் போய் விடை மேலே வந்து உட்கார்ந்திருக்கும். அதைப் படித்துவிட்டால் தானாகப் போய்விடும் என்றுதான் நானும் என் சொங்காக் விளையாட்டை எழுதும்போது நினைத்தேன். போகாது. நாம்தான் எடுத்துப் போட வேண்டும். நான் எடுக்கவில்லை. லுவா 20 இடத்துக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. அதைத் தாண்டி வைக்க வேண்டுமானால் முன்கூட்டியே இடம் கேட்க வேண்டும். கேட்காமல் வைத்துக்கொண்டே போனால் விளையாட்டு எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு, என் அம்மா மூன்றாவது ஆட்டத்தில் ஜெயிக்கப்போகிற நேரத்தில் விழுந்தது. இன்றுவரை நான் வேண்டுமென்றே நிறுத்தினேன் என்றுதான் அம்மா சொல்கிறார்.

இன்னொன்று: லுவாவில் எண்ணிக்கை 1-இல் தொடங்கும், உன் சி++-இல் 0-இல். பதினான்காவது, அதாவது கடைசிக் குழிக்குப் பிறகு முதல் குழிக்கு வர மறந்தால், லுவா பதினைந்தாவது குழியைத் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. 'ஒன்றுமில்லை'யோடு ஒன்றைக் கூட்ட முடியாது என்று அது நின்றுவிடும். நல்லது. என் பழைய மொழி அதையும் சுழியம் என்று எடுத்துக்கொண்டு ஓடியிருக்கும். சி++ அதைவிட மோசம். பக்கத்தில் இருக்கும் எதையாவது சோழி என்று நினைத்து எண்ணும்.

சரி, இனிதான் முக்கியமான சமாச்சாரம். எதை வெளியே கொடுப்பது, எதை உன்னிடமே வைத்துக்கொள்வது?

சொங்காக்கில் ஒரு பக்கத்துக்கு 7 குழி, குழிக்கு 7 சோழி, மொத்தம் 98. கடைசிச் சோழி உன் களஞ்சியத்தில் (ஓரத்துப் பெரிய குழியில்) விழுந்தால் மறுபடி ஆடலாமா, உன் காலிக் குழியில் விழுந்தால் எதிர்க் குழியை அள்ளலாமா, இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவதா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். 98 மாறாது. யார் வீட்டிலும் சோழி காற்றிலிருந்து முளைப்பதில்லை. கோட்டை அங்கே போடு.

நான் என் விளையாட்டில் முதலில் செய்தது தப்பு. குழிகளின் கணக்கு முழுவதையும் ஒரு டேபிளாக (அட்டவணையாக) ஸ்கிரிப்டிடம், அதாவது விதி எழுதிய லுவா கோப்பிடம், கொடுத்துவிட்டேன். என் அண்ணன் மகன் எழுதிய முதல் 'வீட்டு விதி' என்ன தெரியுமா? தன் களஞ்சியத்தில் 50 என்று எழுதிவிட்டு, முறையை முடித்துக்கொண்டான். இப்போது ஸ்கிரிப்டுக்கு ஐந்தே ஃபங்ஷன் கொடுத்திருக்கிறேன்: குழியில் எத்தனை என்று பார், குழியை அள்ளு, ஒன்று போடு, களஞ்சியத்தில் சேர், முறையை மாற்று. அள்ளினால் சோழி கைக்கு வரும். கையில் இருந்தால்தான் போட முடியும். முறை முடியும்போது கை காலியா, மொத்தம் 98 இருக்கிறதா என்று இன்ஜின் (விளையாட்டை ஓட்டும் முதன்மை நிரல்) எண்ணிப் பார்க்கும். அண்ணன் மகன் இரண்டு நாள் முயன்றான்; ஒரு சோழிகூடத் திருட முடியவில்லை. இப்போது நியாயமான விதி எழுத ஆரம்பித்திருக்கிறான்.

பெரிய விளையாட்டுகளிலும் இந்தக் கோடு உண்டு. 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் திரையில் இருக்கும் பொத்தான், பட்டியல் எல்லாவற்றையும் ஆடுபவர்கள் லுவாவில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சண்டை நடக்கும்போது எந்த மந்திரத்தை ஏவுவது என்று ஸ்கிரிப்ட் தானே முடிவு செய்து ஏவ முடியாது. அதை விட்டுக்கொடுத்தால் ஆட ஆள் எதற்கு?

இன்னொரு விஷயத்தில் லுவா என்னை மயக்கிவிட்டது. சோழி ஒவ்வொன்றாக, 'டொக் டொக்' என்று விழ வேண்டும் அல்லவா? சாதாரணமாக எழுதினால் ஸ்கிரிப்ட் ஒரு நொடிக்குள் கையில் இருக்கும் எல்லாவற்றையும் போட்டு முடித்துவிடும். திரையில் சோழி பறந்து போனதே தெரியாது. அதற்காக 'இப்போது எத்தனையாவது சோழி, அடுத்து எந்தக் குழி' என்று நிலையைக் குறித்துவைத்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் எடுத்துப் பார்த்து எழுதினால் விதி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். லுவாவில் கோரூட்டின் என்று ஒன்று உண்டு. ஸ்கிரிப்ட் 'ஒன்று போடு' என்றதும் அந்த வரியிலேயே உறங்கிவிடும். இன்ஜின் சோழியை விழச் செய்து, சத்தம் போட்டு, கொஞ்சம் பொறுத்து எழுப்பும். ஸ்கிரிப்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும். எழுதுபவருக்கு அது 'அள்ளு, கையில் இருக்கும்வரை அடுத்த குழியில் போடு' என்று பாட்டி சொல்லிக்கொடுத்த மாதிரியே இருக்கும். நான்கு வரி. உன் 600 வரியில் பாதி இதற்காகத்தான் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். ஒரே எச்சரிக்கை: உறங்கும் கோரூட்டினைக் கோப்பில் சேமிப்பது பெரும்பாடு. ஆட்டத்தைச் சேமிக்கும் வசதியை ஒரு முறை முடிந்த பிறகு மட்டும் வை.

ஐந்து ஃபங்ஷனின் பெயரையும் வெளியிடும் முன்பே யோசித்து வைத்துவிடு. நான் நடுவில் ஒன்றின் பெயரை 'அழகாக' மாற்றினேன். அதுவரை வந்திருந்த எல்லா விதிக் கோப்பும் படுத்துவிட்டது. இப்போது பழைய பெயரும் உள்ளே இருக்கிறது, புதுப் பெயரும் இருக்கிறது, இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

கேள்வி: எல்லோரும் பைத்தான் கற்கும் காலத்தில் ஏன் லுவா?
(வாசகர், கூலிம்)

பதில்: என் வீட்டுச் செலவுக் கணக்கு பைத்தானில்தான் ஓடுகிறது. கெட்ட மொழி இல்லை. 2005-இல் வந்த சிவிலைசேஷன் 4 பைத்தானைத்தான் உள்ளே வைத்திருந்தது. ஐந்தாம் பாகம் 2010-இல் வந்தபோது லுவாவுக்கு மாறிவிட்டது. பைத்தானைக் கூட்டி வந்தால் அதன் நூலகங்களும் பெட்டி படுக்கையோடு கூடவே வரும். அதைவிட, உள்ளே வந்தவரை ஓர் அறையில் மட்டும் இருக்கச் சொல்வது பைத்தானில் மிகக் கடினம். லுவாவில் நாம் கொடுத்தது மட்டும்தான் ஸ்கிரிப்டின் கண்ணில் படும்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் கணினிக் கழகம் நடத்துகிறேன். மாணவர்கள் லுவாவில் சொல் விளையாட்டு எழுதினார்கள். 'கோலம்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று கேட்டால் 15 என்கிறது! பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஃபங்ஷனுக்குத் தமிழில் பெயர் வைத்தாலும் பிழை காட்டுகிறது. என்ன செய்வது?
(ஆசிரியை, பிறை)

பதில்: டீச்சர், நிலாவைப் பற்றிப் பிறையிலிருந்தே கேள்வி வந்திருக்கிறதே!

லுவாவின் நீளக் குறி எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'கோலம்' என்பதில் க, ஓகாரக் குறி, ல, ம, புள்ளி என்று ஐந்து குறிகள், ஆக 15. லுவா 5.3 முதல் யுடிஎஃப்-8 நூலகம் ஒன்று கூடவே வருகிறது. அதைக் கேட்டால் 5 என்று சொல்லும். அதுவும் தப்புதான், பிள்ளைகளுக்குத் தெரிந்த விடை 3. துணைக்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் 3006 முதல் 3021 வரையிலான எண்களில் இருக்கின்றன. குறி குறியாகப் போய், அந்த எண்களுக்குள் இருப்பதை எண்ணாமல் விடச் சொல்லுங்கள். 3 வந்துவிடும். 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவை மட்டும் இரண்டாகத் தெரியும், அவற்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கை மாணவர்களையே எழுத விடுங்கள். உயிர்மெய் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு அவர்கள் மறக்க மாட்டார்கள்.

பெயர் விஷயம்: வழக்கமான லுவாவில் மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். லுவாஜிட் என்ற வேகமான பதிப்பு தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். அதற்கு மாற மனமில்லை என்றால், டேபிளின் சாவியாக மேற்கோள் குறிக்குள் 'பசு', 'அள்ளு' என்று தாராளமாகத் தமிழில் வைக்கலாம். எந்த லுவாவும் தடுக்காது.

திரையில் 'கொ' எழுதினால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறதா? அது லுவாவின் குற்றம் இல்லை. எழுத்தை வரையும் நூலகத்துக்கு நம் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. எழுத்தைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் (HarfBuzz) நூலகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் மகன் விளையாட்டுகளுக்கு யார் யாரோ எழுதிய மோட்களை (விளையாட்டை மாற்றும் சேர்க்கைகளை) இறக்கிப் போடுகிறான். கணினிக்கு ஆபத்து வருமா?
(ஒரு தாய், ரவாங்)

பதில்: விளையாட்டைப் பொறுத்தது, அம்மா. ரோப்லாக்ஸ் மாதிரி, ஸ்கிரிப்டை வேலிக்குள் ஓட வைக்கும் விளையாட்டு என்றால் கோப்புகளைத் தொட அதற்கு வழி கிடையாது. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்கான மோட் அப்படி அல்ல. அது முழு புரோகிராம். உங்கள் மகன் கணினியில் என்னவெல்லாம் செய்யலாமோ அத்தனையும் அதுவும் செய்யும். முன்பின் தெரியாத இடத்திலிருந்து அதை இறக்கக் கூடாது.

வேலி போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். லுவாவைத் தொடங்கும்போது எல்லா நூலகத்தையும் ஒரே வரியில் திறந்துவிடலாம். சுலபமாக இருக்கிறதே என்று திறந்துவிட்டேன். மேலே சொன்ன அதே அண்ணன் மகன், விதிக் கோப்பில் கோப்பு அழிக்கும் கட்டளை வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்தான். செய்தது. சேமித்து வைத்திருந்த ஆட்டம் அத்தனையும் போயிற்று. நல்ல வேளை, என் அம்மாவின் கண்புரை சிகிச்சை ரசீதுகள் வேறு போல்டரில் இருந்தன.

நிபோங் தெபால் தம்பி, நீயும் இதைப் படி. இயக்கத் தளத்தையும் கோப்புகளையும் தொடும் நூலகங்கள், பேக்கேஜ், டீபக் நான்கையும் திறக்காதே. அடிப்படை நூலகத்திலும் கோப்பை ஏற்றி ஓட்டும் கட்டளைகளை எடுத்துவிடு. ஏற்கெனவே கம்பைல் செய்த பைட்கோடை ஏற்காதே, எழுத்தாக இருப்பதை மட்டும் வாங்கு. வேண்டுமென்றே கோணலாகச் செய்த பைட்கோடு இன்ஜினையே கவிழ்த்துவிடும். முடிவில்லாத லூப் எழுதினால் திரை உறைந்துபோகும். அதற்கு, இத்தனை கட்டளைக்கு ஒருமுறை என்னைக் கூப்பிடு என்று லுவாவிடம் ஒரு கொக்கி மாட்டலாம். கொக்கி இழுத்ததும் 'போதும்' என்று பிழை எழுப்பினால் ஸ்கிரிப்ட் நிற்கும், விளையாட்டு நிற்காது.

கேள்வி: மோட் என்பதே எப்போது ஆரம்பித்தது?
(வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: தேதி குறிக்க முடியாது. 1987-இல் மேனியாக் மேன்ஷனுக்காக லூகாஸ் நிறுவனத்தார் ஸ்கம் என்ற ஸ்கிரிப்ட் மொழியைச் செய்தார்கள், ஆனால் அது அவர்களுடைய சொந்த உபயோகத்துக்கு. 1993-இல் டூம் வந்தபோது வரைபடம், படம், சத்தம் எல்லாம் தனிக் கோப்பில் இருந்ததால் ஆடுபவர்கள் மாற்ற ஆரம்பித்தார்கள். 1996-இல் குவேக், குவேக்-சி என்ற மொழியையும் கையில் கொடுத்தது. அதே வருடம் அதில் டீம் ஃபோர்ட்ரெஸ் முளைத்தது. லுவாவைப் பிரபலமாக்கிய விளையாட்டு 1998-இல் வந்த கிரிம் ஃபண்டாங்கோ. அதைச் செய்ததும் அதே லூகாஸ் நிறுவனம்தான்.

கேள்வி: போன இதழில் சொங்காக்கும் பல்லாங்குழியும் ஒன்று என்று எழுதியிருக்கிறாய். எந்த ஊரில் ஒன்று? உன் பாட்டி இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பார்.
(வயது 74, ஆயர் ஈத்தாம்)

பதில்: குட்டு வாங்கிக்கொண்டேன், பாட்டி. ஒன்று அல்ல. எங்கள் வீட்டுப் பல்லாங்குழியில் ஓரத்தில் களஞ்சியம் கிடையாது. 14 குழி மட்டும், குழிக்கு 5 புளியங்கொட்டை. கை காலியானால் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலி என்றால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு'.

உங்கள் கடிதம் வந்த அன்றே என் விளையாட்டில் இதற்குத் தனிக் கோப்பு ஒன்று எழுதினேன். சொங்காக் கோப்பைத் தொடவில்லை, இன்ஜினைக் கம்பைல் செய்யவில்லை. இன்ஜினுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், மொத்தம் 98 அல்ல, 70 என்பது. அதையும் கோப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடலாம். எல்லாம் சேர்ந்து 31 வரி. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பை மாற்றினேன். அடுத்த முறையிலேயே புது விதி வந்துவிட்டது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, "துடைக்கிற சத்தம் இல்லையே" என்றார். அது இன்னும் பாக்கி.

அதைவிட ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. நான் சோழி போட்டுக்கொண்டு போகும்போது உங்கள் பக்கத்துக் குழியில் நான்கு சேர்ந்தால், அந்தப் பசு யாருக்கு? அம்மா, குழி யாருடையதோ அவருக்குத்தான் என்கிறார். என் சின்னம்மா, போட்டவருக்கு என்கிறார். இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். உங்கள் வீட்டில் எப்படி, பாட்டி? கோப்பில் அந்த இடத்தில் இரண்டு வரியும் இருக்கிறது. எழுதி அனுப்புங்கள், ஒன்றை அழிக்கிறேன்.